மூன்று எட்டான கதை

ஆசிரியராகப் பணியாற்றிய ஆறு ஆண்டுகளில் மாணவர்களின் கொப்பிகளில் நாம் சிவப்பு மையால் சுழித்த பிழைகளுக்குக் கணக்கில்லை. “வாசித்துப் பார்த்துவிட்டுத் தா” என்று வகுப்பில் ஓயாது சொல்வோம். அப்படிச் சொன்ன நாமே, 2001ஆம் ஆண்டு ரொறன்ரோவில் ஒரு குடிவரவு அலுவலகத்தில், எமது தாயாரைக் கொண்டு அவருடைய வதிவிடப் பத்திரத்தில் வாசியாமலே கையொப்பமிடுவித்தோம்.

எம்மவர் ‘லாண்டட் பேப்பர்’ என்றழைக்கும் அப்பத்திரம், 2002 யூன் 28க்கு முன்னர் வதிவிட உரிமை பெற்றோருக்கு வழங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் அகதி வழக்கோடு அலைந்தவர்களுக்கு அது கைக்கு வந்ததே பெரிது. கண் கலங்கியிருந்தது, எழுத்து எங்கே தெரிந்தது? அம்மா பிறந்தது 1943இல். பத்திரத்தில் 1948. படிவத்தில் நாம் எழுதிய மூன்று, தட்டெழுதியவருக்கு எட்டாகத் தோன்றியிருக்க வேண்டும். எமது கையெழுத்தை அதிபர் பாராட்டியதுண்டு. அதை இங்கு சொல்லிப் பயனில்லை.

சில மாதங்களில் சுகாதார அட்டையிலும் அதே ஆண்டு ஏறியது. “அம்மாவுக்கு ஐந்து வயது குறைந்துவிட்டது” என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். சிரித்ததோடு விட்டோம்.

முதியோர் ஓய்வூதியம் பெற 65 வயதும், பதினெட்டு வயதின் பின் கனடாவில் பத்து ஆண்டு வசிப்பும் வேண்டும். 1999இல் வந்த அம்மா, 2009ஆம் ஆண்டை நாட்காட்டியில் எண்ணிக்கொண்டிருந்தார். விண்ணப்பத்திற்கு வந்த பதில், பதிவின்படி அவருக்கு வயது 61 என்றது. இன்னும் நான்கு ஆண்டுகள்! அன்றிரவு அம்மா எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “கோயில் உண்டியலிலை போடவும் உன்னட்டைத்தான் கைநீட்ட வேண்டிக்கிடக்கு, தம்பி” என்றார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

திருத்தம் கோரினோம். பதிவில் நேர்ந்த பிழை அதிகாரியுடையதாயின் மாத்திரமே திருத்துவார்கள்; நாமே தவறாகக் கொடுத்த விபரத்தை அப்பத்திரத்தில் மாற்றமாட்டார்கள். (ஏஜென்சிக்காரர் சொல்லிக்கொடுத்த பெயரிலும் வயதிலும் வந்தவர்கள் இதைத் தாமாகத் தொடாமல், முதலில் ஒரு சட்டத்தரணியைக் காண்பதே நன்று.) ஆகவே அம்மாவின் உண்மையான பிறந்த ஆண்டை, நாம் இங்கு வருமுன்னரே பெற்ற ஆவணங்களால் நிறுவ முனைந்தோம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இடப்பெயர்வில் நனைந்து மடிப்போடு கிழிந்திருந்தது. கைகொடுத்தது இலங்கைத் தேசிய அடையாள அட்டை. அந்தப் பழைய அட்டையின் இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அதனோடு 500 கூட்டியிருக்கும். அம்மாவின் இலக்கம் 43 என்றே தொடங்கியது. இவ்விளக்கத்தையும் மொழிபெயர்ப்பையும் இணைத்து, பிரதிகளை வைத்துக்கொண்டு அனுப்பினோம்.

ஏழு மாதங்களின் பின் திருத்தம் வந்தது. 2009இலேயே விண்ணப்பித்திருந்ததால் நிலுவையும் தப்பியது. பிந்தி விண்ணப்பிப்போருக்கு அதிகபட்சம் பதினொரு மாத நிலுவையே கிடைக்கும்.

சென்ற ஆண்டு எமது தங்கையின் மகள், கணவர், ஐந்து வயதுப் பிள்ளையோடு இங்கு வந்தாள். கணவருக்கு இரண்டு ஆண்டு வேலை அனுமதி. புறப்படுமுன் தொலைபேசியில் வகுப்பே நடத்தினோம்: பெயர், பிறந்த திகதி, முடிவுத் திகதி மூன்றையும் மேசையை விட்டு நகருமுன் வாசியுங்கள். கடவுச்சீட்டு முடியும் நாளுக்கு அப்பால் அனுமதி தரமாட்டார்கள். அதைப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள். பிள்ளைக்கு வெறும் முத்திரை மட்டும் குத்தி, திகதி எழுதாவிட்டால் ஆறு மாதமே தங்கலாம். தகப்பனின் இரண்டு ஆண்டு பிள்ளைக்குத் தானாகச் சேராது. வருகையாளர் பதிவுப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். காலம் தவறினால், தகுதியை மீளப்பெற விண்ணப்பிக்க 90 நாட்களே உண்டு.

விமானம் இறங்கி மூன்று மணித்தியாலமாகியும் அவர்கள் வெளியே வரவில்லை. வாசலில் காத்து நின்ற எமக்கு அழைப்பு வந்தது. “மாமா, என்ரை பேரும் அப்பான்ரை பேரும் இடம்மாறிக் கிடக்கு. திருத்தித் தாறம் எண்டிருக்கினம். இன்னும் கொஞ்சம் நில்லுங்கோ.”

நின்றோம்.