மேல் எல்லை

என் வீட்டுப் பத்திரத்தில் நான்கு திசைக்கும் எல்லை எழுதியிருக்கிறது. மேலே எதுவரை என்னுடையது என்று ஒரு வரி இல்லை. மண் யாருடையதோ, ஆகாயமும் அவனுடையதே என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய கொள்கை. விமானம் வந்ததும் அது திண்டாடியது.

அமெரிக்காவில் காஸ்பி என்பவர் கோழி வளர்த்துப் பிழைத்தார். யுத்த காலத்தில் ராணுவ விமானங்கள் அவர் நிலத்துக்கு 83 அடி உயரத்தில் பறந்தன. மிரண்டு சுவரில் மோதிச் செத்த கோழிகள் சுமார் 150. தொழிலே போயிற்று. 1946-இல் சுப்ரீம் கோர்ட், ஆகாயம் பொதுவழிதான் என்றது. ஆனால் மண்ணை அனுபவிக்க முடியாதபடி தாழப் பறந்தால் சர்க்கார் நஷ்டஈடு தர வேண்டும் என்றது.

எத்தனை அடி என்று கோர்ட் வரையறுக்கவில்லை. எனக்கு அதில் குறையில்லை. கீழே இருப்பவன் பிழைப்புக் கெடாத உயரமே நியாயமான உயரம். அதைச் சொல்லவைத்தவை, பாவம், அந்தக் கோழிகள்தாம்.