கோடித்துண்டு



என் காரில் ஏறியிருக்கிற உங்களில் பலருக்கு அதன் பின்னிருக்கையின் கிழிசல் தெரியும். இடப்பக்கக் கதவருகே, ஒரு சாண் நீளம். எட்டு மாதங்களாக அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவைத்திருந்தேன். சித்திரை வெயிலில் அந்தப் பசை இளகி, ஆராதனைக்கு நான் அழைத்துவந்த வயதான தாயார் ஒருவரின் வெள்ளைப் புடவையில் கோடு கோடாகப் படிந்துவிட்டது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் அதை மறைத்துக்கொண்டு அமர்ந்திருந்ததைப் பிரசங்கபீடத்திலிருந்து பார்த்தேன். அன்று என்ன பிரசங்கித்தேன் என்பது எனக்கே நினைவில்லை.

அந்தக் கிழிசலுக்கு என் மகனே காரணம் என்று வீட்டில் தீர்ப்பளித்திருந்தேன். வாலிபர் கூடுகைக்கு அவன் கித்தார் பெட்டியைக் கொண்டுபோன மறுநாள்தான் அது என் கண்ணில் பட்டது. "நான் இல்லை அப்பா" என்றான். இரண்டாம் முறையும் சொன்னான். மூன்றாம் முறை சொல்ல நான் இடங்கொடுக்கவில்லை. சபை மூப்பர் இருவர் கூடத்தில் அமர்ந்திருக்கும்போதே, பொருளின் அருமை தெரியாதவன் என்று கடிந்துகொண்டேன். அதன்பின் அவன் அந்தக் காரில் ஏறவில்லை. ஆலயத்துக்கும் பேருந்தில்தான் வந்தான்.

ஆம்பூரில் பல ஆண்டுகள் காலணித் தொழிற்சாலையில் உழைத்து, இப்போது வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கிற ஒருவரிடம் சென்றேன். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கங்களில் தோலைத் தொட்டே குணம் சொல்லக்கூடியவர்கள் உண்டு. அவர் கிழிசலின் ஓரத்தை விரலால் நெருடினார். "ரெக்ஸின் இல்லை ஐயா, தோல்தான். ரெக்ஸினாக இருந்தால் அடியில் நெய்த துணி தெரியும். இதில் நார் வருகிறது" என்றார்.

தைத்துவிடுங்கள் என்றேன். மறுத்துவிட்டார். ஓரங்களை இழுத்துத் தைத்தால், ஊசித் துளைகள் தபால்தலையின் ஓரத் துளைகள்போல் வரிசையாக நின்று, ஆள் உட்கார்ந்ததும் அந்த வரியிலேயே மறுபடி கிழியுமாம். நொடியில் ஒட்டும் பசையும் ஆகாது. அது கண்ணாடிபோல் இறுகி, மடங்குமிடத்தில் தோலை அறுக்கும். கிழிசலுக்கு அடியில் ஒரு துணியை நுழைத்து, காய்ந்தபின்னும் வளைந்துகொடுக்கும் பசையால் இரண்டு ஓரங்களையும் அதன்மேல் படியவைக்க வேண்டும். பாரத்தைத் தாங்குவது கண்ணுக்குத் தெரியாத அந்தத் துணிதான்.

நான் கையோடு புதுக் கான்வாஸ் துணி வாங்கிச் சென்றிருந்தேன். தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது வேண்டாம் ஐயா. பலமுறை துவைத்த ஜீன்ஸ் துணி கொண்டுவாருங்கள். சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருக்க வேண்டும். புதுத்துணி ஈரம் பட்டுச் சுருங்கினால், தான் பிடித்திருக்கிற தோலையும் சேர்த்து இழுக்கும்."

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன கோடித்துண்டைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். கோடி என்றால் நம் வீடுகளில் மணத்துக்கும் துக்கத்துக்கும் எடுக்கிற, தண்ணீர் படாத புதுத்துணி. பழைய உடன்படிக்கை, புதிய உடன்படிக்கை என்று விளக்கிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவேன். திருப்பித் தரப்பட்ட ஒரு கோடித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது அன்றுதான்.

புறப்படும்போது, மகனின் கித்தார் பெட்டியால் வந்த வினை என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் தலையசைத்தார். "பெட்டியின் மூலை தோலைத் தேய்க்கும், அழுத்தும். இது இரும்பு முனை. கதவுப் பக்கத்திலிருந்து உள்ளே இழுத்திருக்கிறது. நார் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பாருங்கள்."

பார்த்தேன். அதே வாரத்தில், வீட்டு ஜெபக்கூட்டத்துக்காக இருட்டில் மைக் ஸ்டாண்டை அந்தக் கதவு வழியாக உள்ளே தள்ளியவன் நான். அதன் ஒரு காலில் ரப்பர் மூடி இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து அவன் அறை வாசலில் நின்று, பழைய ஜீன்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்றான். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அலமாரியைத் திறந்து, முழங்கால் வெளுத்த ஒன்றை எடுத்துத் தந்தான், வேறொன்றும் பேசவில்லை. மூப்பர்முன் கடிந்தவன் மூப்பர்முன்தானே திருத்திக்கொள்ள வேண்டும்? மறுநாள் அவ்விருவரையும் வரவழைத்து, அவனையும் அருகே வைத்துக்கொண்டு, கிழித்தது நான் என்றேன். என் குரல் என் வசத்தில் இல்லை. மூப்பர் ஒருவர், "இது ஒரு விஷயமா, ஐயா?" என்றார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரை இரண்டு நாள் ஆம்பூரில் விட்டிருந்தோம். திரும்ப எடுக்கப் பேருந்தில் போனபோது, நான் அழைக்காமலே அவனும் வந்தான். துணியின் மூலைகளை ஏன் வட்டமாக வெட்டினார் என்று அவரிடம் கேட்டான். கூர்மூலை நாளடைவில் மேல்தோலில் தடமாகத் தெரியும் என்றார். பிளவை நிரப்பும் பூச்சை மெல்லியதாக நாலு தடவை பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் நைசான உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார். நிறம் சேர்ப்பதுதான் கடினமாம். இருக்கையின் பழைய நிறத்துக்கல்ல, இத்தனை வருட வெயில் வெளுத்த நிறத்துக்கு அல்லவா சேர்க்க வேண்டும்?

"தெரியாதா?" என்று கேட்டேன்.

"உற்றுப் பார்த்தால் தெரியும் ஐயா. தடவினால் தெரியாது. இன்னும் இரண்டு நாள் அதன்மேல் பாரம் வைக்காதீர்கள்."

வேலூர்வரை நான் ஓட்டினேன். அவன் பின்னால், வலப்பக்கம் அமர்ந்திருந்தான். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. நான் பிரேக் போடும்போதெல்லாம், நடுவிலிருந்த என் வேதாகமப் பை அந்த ஒட்டின்மேல் சரிந்துவிடாதபடி, அவன் கை நீட்டிப் பிடித்துக்கொள்வது கண்ணாடியில் தெரிந்தது.