எதிர் சீட்டுக்கும் சேர்த்துக் கட்டிய சோறு

இட்லிப் பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் எழுவது நல்லெண்ணெய் வாசனை. அதன் பின்னாலேயே அனலில் வாட்டிய வாழையிலையின் வாசனை. எதிர் சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்புவார். "வீட்டு இட்லியா? எந்த ஊரு தம்பி?" என்பார். இலையை அவர் பக்கம் நகர்த்துவோம். "வேணாம், வேணாம்" என்று சொல்லிக்கொண்டே ஒன்றை எடுப்பார். அவ்வளவுதான். வண்டி டெல்லி போய்ச் சேர்வதற்குள் அவருடைய கல்யாணம், கடன், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, மகளுக்குத் தட்டிப்போன வரன்கள் எல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். பெயர் மட்டும் தெரிந்திருக்காது. கேட்கத் தோன்றியிருக்காது.

அந்தச் சாப்பாட்டுக்குத்தான் இன்று ஏங்குகிறேன்.

1988-ல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்து டெல்லிக்குப் போனவன் நான். அடுத்த 25 வருடம், வருடத்துக்கு ஒருமுறையாவது கும்பகோணம் வந்து திரும்பினேன். பெரும்பாலும் ஜி.டி. எக்ஸ்பிரஸ்தான். 1929-ல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய வண்டி அது. பிறகு சென்னைக்கும் டெல்லிக்குமாக மாறியது. ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப் பகல். 1976-ல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்த பிறகு அவசரக்காரர்கள் அதற்கு மாறினார்கள். எனக்கு ஜி.டி.யே போதுமாக இருந்தது. நிற்கிற ஸ்டேஷன் கூடினால் ஏறுகிற மனிதர்களும் கூடுவார்கள்.

கிளம்புகிற நாள் அம்மா விடியற்காலையிலேயே அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். முதல் இரவுக்கு இட்லி. மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, கிழியாமலிருக்க வாட்டிய இலையில் வைத்து, மேலே செய்தித்தாள் சுற்றி, வாழைநாரால் கட்டுவாள். மறுநாள் காலைக்குப் புளியோதரை. மதியத்துக்குத் தயிர்சாதம். அதில்தான் அவள் கைப்பக்குவம் தெரியும். சோற்றைக் குழைய வடித்து, பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி. "நீ நாக்பூர் போறதுக்குள்ள அது தயிராயிடும்" என்பாள். நாக்பூரை ஒருநாளும் பார்க்காதவள். ஆனால் அவள் கணக்கு ஒருமுறையும் தப்பியதில்லை.

எவ்வளவு சொன்னாலும் கூடுதலாகத்தான் கட்டுவாள். முதல் பயணத்தில் சண்டையே போட்டேன், ஒரு ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்று.

"எதுத்தாப்புல ஒரு மனுஷன் உக்காந்திருக்கையில நீ மட்டும் திம்பியாடா?"

அன்று அந்தக் கேள்வி எனக்கு முழுதாகப் புரியவில்லை. மறுநாள் மதியம் புரிந்தது.

இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பெட்டி. 72 படுக்கை, எட்டு எட்டாக ஒன்பது தடுப்பு. பகல் வந்தால் நடு பர்த்தைக் கீழே இறக்கிவிட வேண்டும். அதுதான் கீழே உட்காருபவர்களுக்குச் சாய்மானம். இறக்கியபின் யாரும் படுத்திருக்க முடியாது. மூவர் மூவராக, முழங்கால் இடிக்க, முகம் பார்த்துத்தான் உட்கார்ந்தாக வேண்டும். எங்கள் தடுப்பில், கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து டெல்லி ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேரப் போகிற நர்ஸ் பெண். பெட்ஷீட் மூட்டைகளுடன் கரூர் வியாபாரி ஒருவர். லீவு முடிந்து ஜான்சிக்குத் திரும்பும் ஆற்காட்டுப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர். எனக்கு நேர் எதிரே வடநாட்டுக் கிழவர் ஒருவரும் அவர் மனைவியும். அந்த அம்மாளுக்குச் சென்னையில் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். இரவு ஏறியதிலிருந்து டீயைத் தவிர அவர்கள் இருவரும் எதையும் தொடவில்லை.

காலையில் பட்டாளத்துக்காரர் தம் பையிலிருந்து முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையை எடுத்து எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தார். வியாபாரியிடம் சப்பாத்தி இருந்தது. ஒன்றுகூட வட்டமாக இல்லை. நர்ஸ் பெண் அதைப் பார்த்துச் சிரித்ததும், "நானே தேய்ச்சதும்மா. அவ போயி ஆறு மாசம் ஆச்சு" என்றார். அந்தப் பெண் சிரிப்பை நிறுத்தி, ஒரு சப்பாத்தியை வாங்கி முழுதாகச் சாப்பிட்டாள். பிறகு அவர் மனைவியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி, கடைசியாக அவள் என்ன கேட்டாள் என்று. வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

பல்லார்ஷா தாண்டி, நாக்பூர் நெருங்கும்போது தயிர்சாதத்தைப் பிரித்தேன். பதமாக உறைந்திருந்தது. இலையைக் கிழித்து ஆளுக்கொரு பங்கு வைத்து, ஓரத்தில் நாரத்தங்காய் ஊறுகாயும் வைத்தேன். எதிரே இருந்த அம்மாளிடமும் நீட்டினேன். வாங்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பட்டாளத்துக்காரரிடம் இந்தியில் ஏதோ கேட்டார்.

"மெட்ராஸ்ல தினமும் இதைத்தான் சாப்பிடுவாங்களான்னு கேக்குறாங்க தம்பி."

"ஆமான்னு சொல்லுங்கண்ணே."

ஒரு வாய் எடுத்து வைத்தார். உடனே விழுங்கவில்லை. அடுத்த வாய். அதன்பிறகு பேசத் தொடங்கினார். எனக்கு அப்போது ஒரு வார்த்தை இந்தி தெரியாது. அவர் குரல் ஏறவுமில்லை, உடையவுமில்லை. கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பட்டாளத்துக்காரர் முதலில் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். அந்த அம்மாள் முடித்த பிறகு, கூஜாவிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

அவர்களுக்கு ஒரே மகன். 15 வயதில் அப்பா அடித்த ஒரு அடிக்கு வீட்டை விட்டுப் போய்விட்டான். மூன்று வருடம் கழித்து ஒரு தபால் கார்டு. மிட்டாய்க் கடையில் வேலை செய்வதாகவும் நலமாக இருப்பதாகவும் நாலு வரி. முகவரி இல்லை; தபால் முத்திரை மட்டும் மெட்ராஸ். கண் வைத்தியத்துக்குச் சென்னைக்கு வந்தது உண்மை. மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த 11 நாளும் கிழவர் சௌகார்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கியதும் உண்மை. மின்ட் தெருவில் அவர் விசாரிக்காத மிட்டாய்க் கடை இல்லை. மகன் கிடைக்கவில்லை.

அந்த அம்மாள் என்னைப் பார்த்து மறுபடி எதையோ கேட்டார்.

"அவனும் இதைத்தான் சாப்பிடுவான், இல்லியான்னு கேக்குறாங்க."

"இதைத்தான் சாப்பிடுவார்னு சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். கணவர் பக்கம் திரும்பி ஒரு வாக்கியம் சொன்னார். நல்ல சாப்பாடுதான், பையன் பட்டினி கிடக்கவில்லை என்று சொன்னதாகப் பட்டாளத்துக்காரர் பிறகு சொன்னார். அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் மெல்லத் திரும்பி, என் முன்னால் உள்ளங்கையை நீட்டினார். மிச்சமிருந்த தயிர்சாதம் முழுவதையும் அந்தக் கையில் வைத்தேன்.

அம்மா ஏன் கூடுதலாகக் கட்டினாள் என்று அப்போதுதான் புரிந்தது.

இடார்சியில் அவர்கள் இறங்கினார்கள். வேறு வண்டி பிடித்து ஊர் போகவேண்டும். மாங்காய் ஊறுகாயைக் காகிதத்தில் மடித்து என் கையில் திணித்துவிட்டுப் போனார் அந்த அம்மாள். இடார்சியை விட்டால் சற்று நேரத்தில் நர்மதைப் பாலம் வரும். வடநாட்டுப் பயணிகள் ஜன்னல் வழியே ஆற்றில் காசு போட்டுக் கும்பிடுவார்கள். பட்டாளத்துக்காரர் இரண்டு காசு போட்டார். ஒன்று யாருக்கு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. இன்றும் சென்னைக்குப் போனால், இனிப்புக் கடைகளில் இந்தி பேசும் வயதான மாஸ்டர்களின் முகத்தைப் பார்க்காமல் என்னால் வர முடிவதில்லை.

சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு. அதைப் பிரித்ததும் வீடே பிரிந்து கிடக்கும். என்ன எண்ணெய், என்ன அரிசி, கட்டிக் கொடுக்க ஆள் உண்டா இல்லையா, வசதியா தரித்திரமா, எல்லாம் இலைமேல் தெரிந்துவிடும். அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை என்று ஆன பிறகு வாய் தானாகத் திறக்கும். ஒருவர் கொடுத்த சோற்றைத் தின்றுகொண்டே அவர் சொல்வதைக் காதில் வாங்காமல் இருக்கவும் முடியாது. அவர் சோறு போட்டார், நாம் காது கொடுத்தோம். கணக்கு நேராகிவிடும். இறங்கிய பின் மறுபடி பார்க்கப்போவதில்லை என்பதால், சொந்தபந்தத்திடம் சொல்ல முடியாததையும் சொல்லிவிட முடிந்தது.

எல்லாரும் அப்படி இருந்தார்கள் என்று சொன்னால் பொய். முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நீட்டிய கையைப் பார்த்து, முதலில் ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, சாதியைத் தோண்டி எடுத்த பிறகு "வயிறு சரியில்லை" என்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த அவமானம் பட்டவர்களுக்கு நான் ஏங்குகிற அந்தக் காலம் வேறு மாதிரிதான் நினைவிலிருக்கும். ஆனால் அந்தச் சுவர் இடிந்ததையும் ரயில் பெட்டியில்தான் பார்த்தேன். பசி மிஞ்சி, மதியம் தாண்டி, குழந்தை அழத் தொடங்கியதும், காலையில் மறுத்த கை மாலையில் நீளும்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். விருந்தினர் என்றால் உறவுக்காரர் அல்லர். புதிதாக வந்தவர், முன்பின் அறியாதவர். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியதும் அந்த அறியாதவருக்காகத்தான். உறவுக்குப் போடுகிற சோற்றையே விருந்து என்று நாம் சொல்லப் பழகிவிட்டோம். சொல் இருக்கிறது, அது குறித்த ஆள் வெளியே நிற்கிறார்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டேன். மகளைப் பார்க்க இப்போதும் டெல்லி போகிறேன், அதே பாதையில். மூன்றடுக்கு ஏ.சி. பெட்டி, சுத்தமான போர்வை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடு பர்த்தைப் பகலில் யாரும் இறக்குவதில்லை. படுத்தபடியே செல்போன், காதில் இயர்போன். நாக்பூரில் ஆர்டர் போட்ட பிரியாணி சீட் எண் தேடி வருகிறது. ஆறு பேர், ஆறு பொட்டலம். ஒவ்வொருவரும் தம் பொட்டலத்தைத் தம் மடியில் வைத்துச் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி படுக்கிறார்கள். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் தின்பண்டத்தை வாங்காதீர்கள் என்று ரயில்வே எச்சரிக்கிறது. மயக்க மருந்து கலந்த பிஸ்கட்டைக் கொடுத்து நகையைப் பறித்த திருட்டுகள் நடந்திருக்கின்றன, எச்சரிக்கை நியாயமானது. என் மகளிடமும் நான் அதையே சொன்னேன். சொன்ன அன்று இரவு தூக்கம் வரவில்லை.

போன முறை எதிர் சீட்டில் ஒரு இளைஞர். முதல் வேலைக்குப் போகிறவர் போலிருந்தார், 1988-ன் நானேதான். தயிர்சாதத்தைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தினேன். "தேங்க்ஸ் அங்கிள், வேண்டாம்" என்றார், மரியாதையாகத்தான். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. யாரோ ஒரு தாய் அவரைப் பத்திரமாகப் போய்வரச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆனால் இறங்கும்வரை அவர் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் நான் ஒரு சீட் எண்தான்.

அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. பாலும் ஒரு கரண்டித் தயிருமாக இப்போது நானே பிசைகிறேன், அவள் அளவிலேயே, எதிர் சீட்டுக்கும் சேர்த்து. என்றாவது ஒரு பயணத்தில் உங்கள் எதிரே ஒரு கிழவன் வாட்டிய இலையைப் பிரித்தால், அது நானாகவும் இருக்கலாம், என்னைப் போல் இன்னொருவராகவும் இருக்கலாம். பயமாக இருந்தால் முதல் வாயை அவரையே சாப்பிடச் சொல்லுங்கள், தப்பாக நினைக்கமாட்டார். பிறகு ஒரு வாய் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று கேளுங்கள்.