பாட்டி வீட்டுக்கு ஓர் இறந்தகாலம்

புனே விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் லோஹேகாவைப் பார்ப்பதில்லை. டாக்ஸி நகரத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. போர் விமானங்களும் பயணி விமானங்களும் ஒரே ஓடுபாதையில் ஏறி இறங்கும் ஊர் இது. வார்கரி பக்தர்களுக்கோ 17-ம் நூற்றாண்டுக் கவி துக்காராமின் தாய் பிறந்த ஊர். தாய்வழிப் பாட்டி வீட்டுக்கு மராத்தியில் 'ஆஜோள்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. 2024-ல் மகாராஷ்டிர அமைச்சரவை விமான நிலையத்துக்குத் துக்காராமின் பெயரைச் சூட்ட ஒப்புதல் அளித்தபோது இந்த உறவும் பேசப்பட்டது.

புனே மாவட்டத்துக்கு இத்தாலியும் அந்நியமல்ல. பாராமதியில் பியாஜியோ, ரஞ்சன்காவில் ஃபியட்-டாட்டா கூட்டுத் தொழிற்சாலை. லோஹேகாவில் அறை எடுத்துத் தங்கி, வேலைக்காக இத்தாலியன் படிக்கும் ஒரு தமிழ் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். எண்கள், உதிரிபாகங்களின் பெயர்கள் எல்லாம் வந்துவிடும். "லீவு எப்படிப் போனது?" என்று இத்தாலியர் ஒருவர் சாப்பாட்டு மேஜையில் கேட்டால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

காரணம், அவர் இங்கிலீஷ் வழியாகச் சுற்றிப் போகிறார். ரசித்தது 'நான்' என்று தொடங்குகிறார். இத்தாலியனில் அப்படியில்லை. 'மி எ பியாச்சூத்தோ' என்றால் 'எனக்குப் பிடித்தது'. அதே நான்காம் வேற்றுமை! பிடித்த பொருள்தான் எழுவாய். மராத்தி இன்னும் நெருக்கம். சினிமா பிடித்தால் 'மலா ஆவட்லா', கதை பிடித்தால் 'மலா ஆவட்லி'. இத்தாலியனிலும் சினிமாவுக்கு 'பியாச்சூத்தோ', கதைக்கு 'பியாச்சூத்தா'. பால் அறிந்து வினை மாறுகிறது. பக்கத்து வீட்டு மராத்தியைக் காதில் வாங்கியவருக்கு இதில் பாதி வேலை முடிந்தது.

எல்லா இடத்திலும் தாய்மொழி கைகொடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 'சாப்பிட்டேன்' என்பதற்கு 'உடையேன்' என்ற பொருளுள்ள துணைவினை, 'போனேன்' என்பதற்கு 'இருக்கிறேன்' என்ற துணைவினை. இதை மனப்பாடம்தான் செய்யவேண்டும்.

உண்மையான சுவாரசியம் பாட்டி வீட்டில் இருக்கிறது. ஒருநாள் போனோம் என்றால் 'சியாமோ அந்தாத்தி'. லீவு விட்டால் போவோம், கிணற்றில் குதிப்போம், மாங்காய் அடிப்போம் என்று வழக்கமாய் நடந்ததைச் சொல்ல இத்தாலியனில் வேறோர் இறந்தகாலம்: 'அந்தவாமோ'. தமிழ் இதற்கு எதிர்காலத்தைக் கடன் வாங்குகிறது. நடந்து முப்பது வருஷமாகியும் 'போவோம்' என்றே சொல்கிறோம். யாரும் குழம்புவதில்லை.

சுமார் 300 வருஷங்களுக்கு முன் இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி என்ற வீரமாமுனிவர், பேச்சுத் தமிழுக்கென்றே லத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். எதிர்த் திசையில் போகும் நம் இளைஞருக்கு அப்படியொரு கையேடு இருந்தால் நல்லது. 'போவோம்' என்பதை அவர் அப்படியே எதிர்காலத்தில் பெயர்த்து 'அந்த்ரேமோ' என்றால், கேட்கிற இத்தாலியர் பாட்டி இன்னும் இருக்கிறாள் என்று நினைத்து, எப்போது கிளம்புகிறீர்கள் என்று விசாரிப்பார்.