கிளாறூஸ் பள்ளத்தாக்கும் எங்கள் வேலையும்

உங்களைக் கிளாறூஸ் மாநிலத்துக்கு அனுப்புகிறோம் என்று முகாமில் சொன்ன அன்று எங்கள் அறையில் ஒரே அழுகை. சூரிச்சில் மச்சான் இருக்கிறார், பேர்ணில் கோவில் இருக்கிறது, இதென்ன மலை இடுக்கு என்று மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. சுவிசில் எந்த மாநிலம் என்பதை அவர்களே பிரித்துப் போடுகிறார்கள்; நினைத்தவுடன் மாற முடியாது. புதிதாக வரும் குடும்பங்களும் என்னிடம் இதையே சொல்லிக் கவலைப்படுவதால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஓ.எல். வரை படித்தவன் நான். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூரிச்சில் எஸ் 25 றெயில் ஏறினால் சுமார் ஒரு மணித்தியாலத்தில் கிளாறூஸ் நகரம் வரும். இன்னும் அரை மணித்தியாலம் போனால் கடைசி நிலையமான லின்தால். இரண்டு பக்கமும் மலை, நடுவில் லின்த் ஆறு. வழியெல்லாம் ஊருக்கு ஊர், வரிசை வரிசையாக யன்னல் வைத்த பெரிய பழைய கட்டடங்கள். நான் பள்ளிக்கூடங்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவை நூலாலைகள், நெசவாலைகள். எனெண்டா என்ற ஊரில் மேல் மாடிகள் மரத்தாலான உயரமான கட்டடம் ஒன்று நிற்கிறது. அச்சடித்த நீளத் துணிகளைத் தொங்கவிட்டுக் காயவைத்த இடமாம். எங்கள் ஊரில் வெயில் சும்மா செய்த வேலைக்கு இவர்கள் கட்டடம் கட்டவேண்டியிருந்தது.

1740இல் யோகான் ஹைன்றிக் ஸ்றைஃப் என்பவர் இங்கே முதலாவது துணி அச்சுச் சாலையைத் தொடங்கினார். இந்தத் தொழிலை ஐரோப்பியர் யாரிடம் கற்றார்கள் தெரியுமா? சோழமண்டலக் கரையில் இருந்து கப்பலில் வந்த அச்சுத் துணிகளைப் பார்த்துத்தான். அவற்றுக்கு அவர்கள் வைத்த பெயரே 'இந்தியத் துணி' என்பதுதான். கிளாறூஸ் பெயரெடுத்தது சிவப்புத் துணியில். நேஃபெல்ஸ் ஊரில் ஃபிறொய்லர் மாளிகை நூதனசாலையில் அந்தத் துணிகளைக் கண்டபோது எனக்குச் சாயவேர் ஞாபகம் வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிண்டி எடுத்த வேர் அது. இங்கே பயன்படுத்திய மஞ்சிட்டி வேரிலும் சாயவேரிலும் சிவப்பைத் தரும் பொருள் ஒன்றுதான், அலிசறின். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலைக்குள் இருந்து துருக்கிக்கும், பத்திக் உடுத்தும் ஜாவாவுக்கும் துணி போனது.

ஆனால் துணி செய்தவன் செழிக்கவில்லை. 1845இல் வறுமை தாங்காமல் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், ஊர்ச்சபைகளின் உதவியோடு அமெரிக்காவின் விஸ்கொன்சினுக்குப் புறப்பட்டுப் போய் 'நியூ கிளாறூஸ்' என்று ஊர் அமைத்தார்கள். இதை என் மேற்பார்வையாளருக்குச் சொன்னேன். "எங்கள் ஆட்களும் உங்களைப் போலத்தான்" என்று சிரித்தார். மிஞ்சியவர்கள் 1864இல் திறந்தவெளி மக்கள் சபையில் கை உயர்த்தி, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இரவு வேலை கூடாது என்று சட்டம் செய்தார்கள். 1877இல் நாடு முழுவதற்கும் பதினொரு மணித்தியாலம் என்று வந்தது. அந்த மக்கள் சபை இன்றும் மே மாதத்தில் கூடுகிறது. கை உயர்த்தும் உரிமை பிரசாவுரிமை உள்ளவர்களுக்கே. நாங்கள் ஓரத்தில் நின்று பார்க்கலாம்.

பிறகு மற்ற நாடுகள் சுங்கவரி போட்டன, போர்கள் வந்தன, மலிவான துணி ஆசியாவில் இருந்து வந்தது. ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். ஆனாலும் பள்ளத்தாக்கு சாகவில்லை. ஆலைச் சில்லுகளைச் சுற்றிய தண்ணீர் இப்போது மின்சாரம் தருகிறது. லின்தாலுக்கு மேலே மலைக்குள் 1000 மெகாவாட் நிலையம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் கட்டி முடிந்த பிறகு அதில் சிலருக்குத்தான் வேலை. எங்களுக்கு வேலை தருவது பிளாஸ்ரிக், இயந்திரப் பாகம், கட்டடப் பொருள் செய்யும் தொழிற்சாலைகள்.

மாநிலம் முழுவதிலும் 40,000 சொச்சம் பேர்தான். 2011இல் 25 ஊர்ச்சபைகளை மூன்றாகச் சேர்த்தார்கள். வடக்குப் பகுதி சூரிச்சுக்கு வேலைக்குப் போய்வருபவர்களால் வளர்கிறது, வாடகையும் ஏறுகிறது. தெற்கில் வாடகை குறைவு, ஆனால் இளம் ஆட்கள் இறங்கிப் போகிறார்கள். நான் தெற்கில் இருக்கிறேன். அதிகாலைச் சிவ்ற்றுக்கு பஸ் இல்லாததால் பனிக்குள் சைக்கிளில் போகிறேன். அதற்கு நான் பழகிவிட்டேன், என் முழங்கால் பழகவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். நான் நிற்கும் தொழிற்சாலையில் ஒரு வரிசைக்கு இயந்திரக் கை பூட்டினார்கள். முன்பு நாலு பேர் நின்ற இடத்தில் இப்போது ஒருவர். அந்த ஒருவர் தொழிற்சான்றிதழ் உள்ளவர். வீட்டுக்கு அனுப்பப்பட்ட மூன்று பேரில் இருவர் எம்மவர், என்னைவிட நல்ல வேலைகாரர். இங்கே வேலை இருக்கிறது, கடதாசி இல்லாதவனுக்குத்தான் நிலையில்லை.

எஃப் அனுமதிப் பத்திரம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்க 2019இல் இருந்து முதலாளி அறிவித்தால் போதும். ஆகவே வேலை கிடைக்கும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். பிளாஸ்ரிக் வேலைக்கு இரண்டு வருடத் தொழிற்பயிற்சி ஒன்று இருக்கிறது. பயிற்சிக்குப் போக முடியாதவர்களுக்குத் தொழிற்கல்வி ஒழுங்குவிதிகளின் 32ஆம் பிரிவு ஒரு வழி விடுகிறது: ஐந்து வருட வேலை அனுபவம் காட்டினால், வயது வந்தவர்கள் நேரே இறுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏழாவது வருடத்தில்தான் அறிந்தேன். மாநிலத் தொழில் ஆலோசனை நிலையத்தில் கேளுங்கள். பரீட்சை ஜேர்மன் மொழியில்தான். எனக்கு அதுதான் பயம். செவ்வாயும் வியாழனும் இரவு வகுப்புக்குப் போகிறேன், மகள் வீட்டுப்பாடம் திருத்துகிறாள்.

அடுத்த வருடம் பரீட்சைக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். இந்தப் பக்கம் வரும் குடும்பங்கள் ஃபிறொய்லர் மாளிகைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பனிக்காலத்தில் பூட்டிவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் போவது நல்லது.