மாடி உயரத்தில் ஒரு நடை

பாரிஸில் பாஸ்டில் ஓபரா அரங்கத்தைத் தாண்டினால், அவென்யூ தோமெனில் சாலையோரம் செங்கல் வளைவுகள் வரிசைகட்டி நிற்கின்றன. பழைய ரயில் மேம்பாலம். இடையிடையே படிக்கட்டுகள். ஏறிப்போனால் தண்டவாளம் கிடந்த இடத்தில் மூங்கில், ரோஜா, லிண்டன் மரங்கள்.

1859 முதல் இதன்மேல் வன்சென் புறநகர் ரயில் ஓடியது. 1969 டிசம்பரில் புறநகர்ப் பயணிகளைப் புதிய விரைவு ரயில் எடுத்துக்கொள்ள, இது மூடப்பட்டது. அந்த ரயிலின் பாஸ்டில் நிலையத்தை 1984இல் இடித்துவிட்டுத்தான் அந்த ஓபராவையே கட்டினார்கள். மேம்பாலம் தப்பியது. கட்டடக் கலைஞர் பிலிப் மத்தியூவும் தோட்ட வடிவமைப்பாளர் ழாக் வெர்ஜெலியும் அமைத்த இந்த நடைபாதை 1993இல் திறக்கப்பட்டது. நியூயார்க்கின் ஹை லைன் வந்தது 2009இல்தான். பெயரை மட்டும் அது தட்டிக்கொண்டு போய்விட்டது!

ஹை லைனில் ஆங்காங்கே தண்டவாளத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். இங்கே அந்த அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை, கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் நடக்க நடக்க ரயில் காலுக்குத் தட்டுப்பட்டது. ரயிலுக்குச் செங்குத்தாக ஏறவும் வராது, சட்டென்று திரும்பவும் வராது. அதனால் பாதை மட்டமாக, மெல்ல வளைந்து போகிறது. கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் மூச்சு வாங்காமல் என்னைத் தாண்டிப் போனார்.

உயரம் சுமார் 10 மீட்டர். தெருவில் நிமிர்ந்து பார்க்க வேண்டிய பால்கனிகளும் கூரை விளிம்புகளும் இங்கே முகத்துக்கு நேரே. ஓரிடத்தில் கட்டடத்தையே இரண்டாகப் பிளந்ததுபோன்ற இடுக்கு வழியே பாதை நுழைகிறது. இன்னோரிடத்தில் மைக்கலாஞ்சலோவின் அடிமைச் சிலையைப் பெரிதாக்கி, உச்சியில் வரிசையாக நிறுத்திய கட்டடம். அது காவல் நிலையம் என்று தெரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

கீழே வளைவுகளுக்குள் பட்டறைகளும் கடைகளும்: வயலின் செய்பவர்கள், குடை செய்பவர்கள். அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் விலைச்சீட்டைப் பார்த்தால் மேலேயே நடக்கலாம் என்று தோன்றும்.

மேம்பாலம் ஒன்றரை கிலோமீட்டரில் முடிந்தாலும் நடைபாதை சுரங்கங்கள் வழியாக நகர எல்லைவரை நீள்கிறது. நான் ருய்யி தோட்டத்தில் இறங்கிக்கொண்டேன். சரக்கு ரயில் நிலையமாக இருந்த இடம் அது, இப்போது புல்வெளி. அங்கே ஒரு குழாயில் சோடா நீர் இலவசம். பாட்டிலோடு போவது நல்லது.