கரடியின் வயிற்றில் ஒரு பாட்டு

கரடி பொம்மைக்கு உயிர் வருவது கடைசியில்தான். ஃபர் துணியை வெட்டி, உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, முதுகில் விட்ட திறப்பின் வழியாகப் புரட்டி, பாலியஸ்டர் பஞ்சைத் திணித்தால் உருவம் வந்துவிடும். முகத்தைத் தீர்மானிப்பது கண்களுக்கு இடையே உள்ள தூரம். அரை அங்குலம் தள்ளிப் போனால் கரடி ஆடாகிவிடும்.

தையல் இயந்திரமும் பொறுமையும் இருந்தால் போதும் என்பதால், வீட்டிலிருந்தபடியே நாலு காசு பார்க்க நினைக்கும் பெண்களுக்கு இது ஏற்ற தொழில். தில்லியில் மொத்த வியாபாரத்துக்கு சதர் பஜார் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற ஸ்டைஃப் பொம்மைகளும் இப்படித்தான் தொடங்கின. போலியோவால் நடக்க முடியாமல் போன ஜெர்மானியத் தையல்காரி மார்கரெட் ஸ்டைஃப், 1880இல் குண்டூசி செருக ஒரு துணி யானையைத் தைத்தார். குழந்தைகள் அதை எடுத்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள்.

கைவேலை பொம்மைக்கு தலைநகரில் மரியாதைக்கும் குறைவில்லை. கார்ட்டூனிஸ்ட் சங்கர், தமது குழந்தைகள் போட்டிக்குப் பரிசாக ஹங்கேரி தூதர் 1950களில் தந்த ஒரு பொம்மையில் மயங்கி, பொம்மைகளைச் சேகரிக்கத் தொடங்கினார். 1965இல் பகதூர் ஷா ஜபர் மார்க்கில் சர்வதேச பொம்மை அருங்காட்சியகம் பிறந்தது. அதன் பட்டறையில் கையால் செய்த, இந்திய உடையணிந்த பொம்மைகள் வெளிநாடு போயின. பதிலுக்கு அந்நாட்டுப் பொம்மைகள் வந்தன.

ஆனால் அவை கண்ணாடிக்குப் பின்னால் வாழும் பொம்மைகள். கரடி வாழ்வது குழந்தையின் வாயில். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாதாரணக் கரடியைவிட வயிற்றை அழுத்தினால் பாடும் கரடிக்கு விலை அதிகம். உள்ளே பெரிய வித்தை ஏதுமில்லை. ஒரு சுவிட்ச், கறுப்புப் பிசினுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு சிப், சின்ன ஸ்பீக்கர், பொத்தான் பாட்டரி. பஞ்சுக்கு நடுவே பெட்டியை வைத்துத் தைத்துவிடலாம். தையல் பிரிந்தால்? காசு வடிவ பாட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகிறது. இரண்டே மணி நேரத்தில் திசு வெந்துபோகலாம்.

இது வெறும் பூச்சாண்டி அல்ல. 2019இல் இந்தியத் தர கவுன்சில் தில்லி வட்டாரக் கடைகளில் வாங்கிச் சோதித்த இறக்குமதி பொம்மைகளில் சுமார் 67 சதவீதம் தேறவில்லை. 2020இல் இறக்குமதித் தீர்வை 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சாதாரண பொம்மைக்கு ஒரு தர விதி. பாட்டரி நுழைந்துவிட்டால் மின் பொம்மைக்கான தனி விதி.

பரிசோதனைக்கூடச் செலவை ஒரு தையல் மெஷின் தாங்காது. கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கலைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு அரசு விலக்கு அளித்தது இதனால்தான். நியாயமான விலக்கு. அது இல்லாவிட்டால் மாதம் ஐம்பது கரடி தைப்பவரும், கன்டெய்னர் கணக்கில் இறக்குபவரும் ஒரே தராசில் நிற்க வேண்டியிருக்கும்.

ஆனால் விலக்கு கிடைத்தது காகிதத்துக்குத்தான். குழந்தையின் தொண்டைக்கு அல்ல. கூடமில்லாமலே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. கண்ணையும் மூக்கையும் பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்க்கலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையிலிருந்து கழன்று வரும் எதுவும் 31.7 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள சோதனைக் குழாயில் அடங்கிவிடக்கூடாது. பிளாஸ்டிக் கண்ணே வேண்டாம் என்றால் நூலாலேயே எம்ப்ராய்டரி செய்யலாம். பாட்டரி மூடிக்குத் திருகாணி போடலாம். ஓரங்களில் இரட்டைத் தையல்.

இதற்கெல்லாம் கூடுதல் நேரமும் சில ரூபாய்களும் ஆகும். சதர் பஜார் வியாபாரி அதற்காக விலையை உயர்த்தித் தரப் போவதில்லை. வாங்குபவர்தான் தர வேண்டும். கரடியின் வயிற்றை அழுத்திப் பாட்டைக் கேட்கும் அப்பா, அதன் கண்ணையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசினால், பத்து ரூபாய் எதற்கு அதிகம் என்பது அவருக்கே புரியும்.